அலுமாரிச் சாவி யார் கையில்?

வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் திருகோணமலையில் ஓய்வுபெற்று இருக்கும் மயக்க மருந்து நிபுணர்.

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைத்தியர்கள் எழுதியவை. எல்லாம் சங்கம், பதவி, கூட்டம் என்று ஒரே திசையில் இருந்ததால் முழுப் பகுதியையும் அதற்கே விட்டுவிட்டேன். மூட்டு வலிக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் துறை நிபுணர்களின் சங்கத்தில் நான் உதவிச் செயலாளர். பல வருடமாக அதே ஆறேழு பேர்தான் பதவிகளில் மாறி மாறி இருக்கிறார்கள். இளையவர்களைக் கூப்பிட்டால் நேரமில்லை என்கிறார்கள். மூத்தவர்கள், இளையவர்களுக்கு ஆர்வமில்லை என்கிறார்கள். அடுத்த தலைவர்களை எப்படி உருவாக்குவது? (பெயர் போட வேண்டாம் என்ற வைத்தியர், திருகோணமலை)

தம்பி, இளையவர்களைக் கூப்பிட்டு என்ன வேலை கொடுத்தீர்கள்? நான் பார்த்தவரை மாநாட்டு வாசலில் பெயர் அட்டை கொடுப்பது, பேச்சாளரின் ஸ்லைடைக் கணினியில் ஏற்றுவது, பிரதம விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றும்போது பக்கத்தில் மெழுகுதிரியோடு நிற்பது, இவ்வளவுதான். நடுச்சாமத்தில் ஐசியூவில் ஒரு உயிரைத் தனியாகத் தாங்கிப் பிடிக்கிற ஆளிடம் மெழுகுதிரியைக் கொடுத்தால் அவர் நேரமில்லை என்றுதான் சொல்வார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். புதிதாக வந்த பிள்ளைக்குச் சுவாசக் குழாய் போடப் பழக்கும்போது மூத்தவர் பக்கத்தில் நிற்பார். இடது கையில் லறிங்கோஸ்கோப், தொண்டைக்குள் பார்க்கிற கருவி. நாக்கை ஒதுக்கித் தூக்க வேண்டும், பல்லில் வைத்து நெம்பக் கூடாது. குரல்நாண்கள் தெரிந்ததும் வலது கையால் குழாயை உள்ளே விட வேண்டும். பிள்ளையின் மணிக்கட்டு நடுங்கும். மொனிட்டரில் நோயாளியின் இரத்தத்து ஒக்சிசன் 100 சதவீதத்திலிருந்து 98, 97 என்று இறங்கும்; அதன் சத்தமும் தாழ்ந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் மூத்தவரின் கை தானாக நீளும். உடனே வாங்கிவிட்டால் பிள்ளை பழகாது. வாங்காமலே விட்டால் நோயாளிக்கு ஆபத்து. அதனால் மயக்கம் கொடுப்பதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வோம்: “93க்கு வந்தால் நிறுத்து. மாஸ்க்கால் ஒக்சிசன் கொடு. அப்புறம் நான் பார்க்கிறேன்.” அதுவரை என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

சங்கங்களில் இந்த 93 என்ற கோட்டை யாரும் போடுவதில்லை. ஒன்று, வேலையைத் தலையில் கட்டிவிட்டுத் திரும்பியே பார்ப்பதில்லை. இல்லாவிட்டால் பாதியில் பறித்துக்கொள்கிறார்கள். பறிக்கப்பட்டவர் அடுத்த முறை வர மாட்டார். அதற்குப் பிறகு நாம் “ஆர்வமில்லை” என்று எழுதிக்கொள்கிறோம்.

உங்கள் சங்கம் திருகோணமலையில் ஒரு நாள் கருத்தரங்கு வைக்கிறது என்று வையுங்கள். அதை ஒரு ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது நிபுணராகப் பயிற்சி பெறுகிற இளம் வைத்தியரிடம், முழுசாகக் கொடுங்கள். இவ்வளவு ரூபா வரை நீயே தீர்மானி, அதற்கு மேல் போனால் பொருளாளரைக் கேள், மருந்துக் கம்பனிக் காசு என்றால் மட்டும் என்னைக் கேட்காமல் வாயே திறக்காதே என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவர் படுகிற பாட்டைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் ஜும்மா நேரத்தில் பாதி மண்டபம் காலியாகும், மற்றப் பாதி மரக்கறிச் சாப்பாடு கேட்கும். போயா தினத்தில் வைத்தால் லீவு கெட்டது என்று எல்லோரும் முறைப்பார்கள். உவர்மலையில் மண்டபம் கிடைத்தால் ஜெனரேட்டர் இருக்காது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியலில் இறங்குகிற பேராசிரியருக்குக் குளிக்க ஒரு அறை வேண்டும். தாதியர்களுக்கான அமர்வைத் தமிழில் வைப்பதா, சிங்களத்தில் வைப்பதா, இரண்டு அறைகளில் வைப்பதா? இதற்கெல்லாம் நடுவில் ஒரு கம்பனிக்காரர் வந்து, தன் மருந்தின் பெயர் போட்ட பையை எல்லோருக்கும் கொடுத்தால் மதியச் சாப்பாடு தன் செலவு என்பார். அந்த ரெஜிஸ்ட்ரார் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். பத்து வருடம் கழித்து அவர் தலைவராக வந்தால் எப்படி இருப்பார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நேரமில்லை என்று அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. லண்டனில் பொது மருத்துவ நிபுணர்களின் சங்கமான ரோயல் கொலிஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் 2016இல் தலைமை ரெஜிஸ்ட்ரார் என்று ஒரு பொறுப்பைத் தொடங்கியது. அதில் இருப்பவருக்கு வேலை நேரத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை தலைமை வேலைக்கென்றே ஒதுக்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் அப்படிக் கேட்டால் பணிப்பாளர் நம்மைத்தான் மருந்து எடுக்கச் சொல்வார். ஆனால் மாதத்தில் ஒரு ஓன்-கோலை, கூப்பிட்டால் ஓடி வர வேண்டிய அந்த முறையை, மூத்தவர் தன் தலையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. ‘இளையவர்களை ஊக்குவிக்க வேண்டும்’ என்று மேடையில் பேசுகிற தலைவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எம்டி என்ற நிபுணர் மேற்படிப்பை முடித்தவர்கள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் ஆளே குறைவு. அந்த வயதுக்காரர் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே ரெஜிஸ்ட்ரார்களைப் பிடியுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கும் ஒரு பொறுப்பைக் கொடுத்து வையுங்கள். வழிகாட்டி நூலில் ஒரு அத்தியாயம் எழுதுவதற்கு இங்கிலாந்தில் லீட்ஸில் இருந்தால் என்ன, இங்கே லிங்கநகரில் இருந்தால் என்ன?

கேள்வி: தலைமைத்துவப் பயிற்சி என்று ஹோட்டலில் இரண்டு நாள் நடத்துகிறார்களே, போகலாமா? (இளம் வைத்தியர், உப்புவெளி)

போங்கள். கடல் பார்த்த அறை, நல்ல இறால் கறி. சான்றிதழும் தருவார்கள்.

பயிற்சி என்றால் நான் மதிப்பது வேறு மாதிரி. அமெரிக்காவில் புற்றுநோய் வைத்தியர்களின் சங்கமான ஆஸ்கோ 1964இல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கியது. இன்று உலகம் முழுக்க உறுப்பினர்கள். அவர்களுடைய தலைமைப் பயிற்சியில் இளம் நிபுணர்களுக்கு வழிகாட்டிகளைக் கொடுத்து, சங்கம் உண்மையிலேயே திண்டாடிக்கொண்டிருக்கிற ஒரு பிரச்சினையையும் கையில் கொடுக்கிறார்கள். அவர்கள் குழுவாக உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்து நிர்வாக சபையின் முன் வைக்க வேண்டும். கேட்பவர்களும் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பலூன் ஊதி, கயிறு இழுத்து, ‘நாம் ஒரு குழு’ என்று கத்துவதில் அந்தப் பயிற்சி கிடைக்காது.

கேள்வி: மகள் எம்டி முடித்து வந்திருக்கிறாள். வார்ட் வேலையே உயிரை வாங்குகிறது, அதோடு சங்கம், கமிட்டி என்று போனும் கையுமாக இருக்கிறாள். இதெல்லாம் தேவையா, டொக்டர் அம்மா? கல்யாணப் பேச்சும் நடக்கிறது. (ஒரு தாய், நிலாவெளி)

அக்கா, இரண்டாவது விஷயத்தில் நான் தலையிடவில்லை. அதற்கு உங்கள் ஊரிலேயே ஆட்கள் இருப்பார்கள்.

முதலாவதுக்குச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் விசாரித்துப் பாருங்கள். அவள் தன் பெயரில் ஏதாவது செய்கிறாளா, இல்லை வேறு யாருக்கோ எழுதிக் கொடுக்கிறாளா? பெரியவர்களின் உரையைத் தட்டச்சு செய்வது, அவர்கள் கையொப்பம் போடுகிற கடிதத்தை வரைவது என்று இருந்தால் விடச் சொல்லுங்கள். தன் பெயரில் ஒரு வேலை இருந்தால் விடச் சொல்லாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனை வாங்கி வைத்துவிடுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: இந்தச் சங்கங்களால் எங்களைப் போன்ற நோயாளிகளுக்கு என்ன பயன்? அவர்கள் கோட்டு சூட்டுப் போட்டுக் கூட்டம் வைக்கிறார்கள், அவ்வளவுதானே? (வாசகர், கிண்ணியா)

நல்ல கேள்வி. கோட்டு சூட்டு உண்மைதான், அதுவும் நம்மூர் வெயிலில்.

2017ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க டெங்கு நோயாளிகள் 1,86,000ஐத் தாண்டிய வருடம் அது. மார்ச்சில் கிண்ணியாவில் எவ்வளவு மோசமாக இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது வார்ட்டில் நின்ற இளம் வைத்தியர்களுக்குக் கையில் ஒரு வழிகாட்டி நூல் இருந்தது. பெரியவர்களுக்கான அந்த நூலைச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவும் நம் நாட்டுப் பொது மருத்துவ நிபுணர்களின் சங்கமான சிலோன் கொலிஜ் ஒஃப் பிசிஷியன்ஸும் சேர்ந்து தயாரித்தன. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கினால் 24 முதல் 48 மணித்தியாலம் வரை ஆபத்துக் காலம். அந்த நேரத்தில் சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எவ்வளவு, எந்த வேகத்தில், எப்போது இரத்தத்தைப் பரிசோதிப்பது என்று அதில் படிப்படியாக இருக்கிறது.

பாம்புக்கடியும் அப்படித்தான். நாம் பாவிக்கிற விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நம் நாட்டில் கடிக்கிற எல்லாப் பாம்புக்கும் அது கேட்காது. எப்போது கொடுப்பது, எப்போது கொடுக்கக் கூடாது என்பதற்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி நிபுணர் குழு வழிகாட்டுகிறது. மூதூரிலோ கந்தளாயிலோ வயலில் கடி வாங்கி வருகிற மனிதருக்கு அதனால் என்ன பயன் என்று உங்களுக்கே விளங்கும். இப்படிப்பட்ட குழுக்களில் அடுத்து உட்காரப் போகிறவர் யார் என்பதுதான் மேலே நாங்கள் பேசிக்கொண்டிருக்கிற விஷயம். கந்தளாயில் வேலை செய்த ஒருவர் அதில் இருந்தால் நல்லது என்பது என் ஆசை.

கேள்வி: கொழும்பில் இல்லாத ஒருவர் ஒரு தேசியச் சங்கத்துக்குத் தலைவராக முடியுமா? (வைத்தியர், மட்டக்களப்பு)

சங்கத்தின் யாப்பில், அதாவது எழுதி வைத்த விதிகளில், பொதுவாகத் தடை இருப்பதில்லை. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 1887இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் கிளையாகத் தொடங்கியது. இன்று கொழும்பில் விஜேராம மாவத்தையில் இருக்கிறது. 1967இல் பிசிஷியன்மாரின் சங்கம், 1971இல் சத்திர சிகிச்சை நிபுணர்களின் சங்கம், 1980இல் நிபுணர்களைப் பயிற்றுவிக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவனம், எல்லாமே கொழும்பில்தான். கிழமை நாளில் பின்னேரம் கூட்டம் என்றால் நீங்களும் நானும் இரண்டு நாள் லீவு போட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு சூமில் சேரலாம், உண்மைதான். ஆனால் முக்கியமான முடிவுகள் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எடுக்கப்படுகின்றன. அந்தத் தேநீர் சூமில் வராது.

ஒரு சங்கத்தில் நான் இதைப் பற்றிப் பேசியபோது, “கிழக்கில் இருப்பவர்கள் கிழக்கிலேயே ஒரு கிளை வைத்துக்கொள்ளலாமே” என்றார் ஒரு பெரியவர். கிளை வைத்தோம். பணம் கேட்டபோது கிளைக்கு வங்கிக் கணக்கு இல்லை என்றார்கள்.

ஆகவே யாப்புத் திருத்தம் கேளுங்கள். நிர்வாக சபையில் மேல் மாகாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இத்தனை இடம், நிபுணராகிப் பத்து வருடம் ஆகாதவர்களுக்கு இத்தனை இடம், யாருக்கும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை என்று எழுத்தில் வேண்டும். வருடத்தில் ஒரு நிர்வாக சபைக் கூட்டமாவது வெளி மாவட்டத்தில் நடக்கட்டும். மூத்தவர்களும் ஹபரணை வழியாக ஒரு ராத்திரி பஸ்ஸில் குலுங்கி வந்து பார்க்கட்டும்.

கேள்வி: பெண்களைத் தலைவராக்கத் தயங்குவது நம்மவர்களின் குணமா? (வாசகி, திருகோணமலை)

நம்மவர்கள் மட்டும் இல்லை. மேலே சொன்ன லண்டன் கொலிஜ் 1518இல் தொடங்கியது. முதல் பெண் தலைவராக மார்கரெட் டர்னர்-வார்விக் வந்தது 1989இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில் வைத்தியம் கற்பித்த கிறீன் பாதிரியார் தன் மாணவர்களை எப்படித் தயார்ப்படுத்தினார்? (ஆசிரியர், சம்பூர்)

சாமுவேல் கிறீன் மிஷனோடு வந்தாலும் தொழிலால் வைத்தியர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் திரும்பிப் போனார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மானிப்பாயில் பழக்கினார். எனக்குப் பிடித்த விஷயம், பாடநூல்களைத் தமிழாக்கும் வேலையில் மாணவர்களையும் இறக்கியதுதான். படித்தவர்களே அடுத்தவர்களுக்கான புத்தகத்தையும் எழுத வேண்டியிருந்தது. எங்கள் பல சங்கங்களில் இன்று அந்தளவுக்கு நம்பிக் கொடுக்க ஆள் இல்லை.

கேள்வி: அடுத்த மாதம் ஒரு சங்கத்துக்குச் செயலாளராகிறேன். பழைய செயலாளரிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும்? (வைத்தியர், கொழும்பு, சொந்த ஊர் திருகோணமலை)

பிள்ளை, வாழ்த்துகள். மாலை விழுகிற அன்றே கேட்டுவிடுங்கள், அடுத்த கிழமை அவர் போன் எடுக்க மாட்டார்.

அலுமாரிச் சாவி. கூட்ட அறிக்கைப் புத்தகம், கடைசிப் பக்கம்வரை கையொப்பம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் முத்திரை. உறுப்பினர் பட்டியல் பெரும்பாலும் அவருடைய சொந்த மடிக்கணினியில்தான் இருக்கும். ‘அனுப்பி வைக்கிறேன்’ என்றால் விடாதீர்கள், பென் டிரைவைக் கையோடு கொண்டு போங்கள். சங்கத்தின் மின்னஞ்சல் யாருடைய போன் நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு அன்றே மாற்றுங்கள். வங்கியில் கையொப்பத்தை மாற்றக் கூட்டத் தீர்மானத்தின் பிரதி கேட்பார்கள், அதில் தலைவரின் கையொப்பமும் வேண்டும். அவர் மாநாட்டுக்கு வெளிநாடு போவதற்கு முன் பிடியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதவிச் செயலாளருக்கும் அன்றே ஒரு பிரதி கொடுங்கள்.