கத்தி தீட்டும் பெல்ட் கிரைண்டருக்கு எந்த மோட்டார்? – கேள்வி பதில்

பெல்ட் கிரைண்டர், அதாவது மணற்காகிதம் போன்ற பெல்ட்டை ஓடவிட்டு இரும்பைத் தேய்க்கும் இயந்திரம், செய்ய இறங்கியிருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது எத்தனை எச்.பி. என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகப் பார்க்கவேண்டிய விஷயம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா, இரும்புத் தூள் உள்ளே போகாதபடி மோட்டார் மூடியிருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, 2 அங்குல அகலம், 72 அங்குல நீளப் பெல்ட் போடப்போறன். 1 எச்.பி. காணுமா? கடைக்காரர் 3 எச்.பி. எடுக்கச் சொல்றார்.

2 எச்.பி., அதாவது 1.5 கிலோவாட், இந்த அளவுக்கு நன்றாகப் பொருந்தும். 1 எச்.பி.யிலும் கத்தி செய்யலாம். ஆனால் 36 நம்பர் முரட்டுப் பெல்ட்டைப் போட்டு, லொறி ஸ்பிரிங் தகட்டை அழுத்திப் பிடித்துச் சரிவு எடுக்கும்போது பெல்ட் திணறும். 3 எச்.பி. வீட்டுப் பட்டறைக்குத் தேவையில்லை தம்பி. மிஞ்சும் காசுக்கு நல்ல பெல்ட் வாங்குங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: அமெரிக்க வீடியோக்களில் 1725, 3450 ஆர்.பி.எம். என்கிறார்கள். இங்கே கடையில் 1440, 2850 என்றுதான் இருக்கு. எதை எடுப்பது?

அவர்கள் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், நம்முடையது 50. மோட்டார் வகை ஒன்றுதான், சுற்று மட்டும் குறைகிறது. ஆகவே மோட்டார் தண்டில் பூட்டிப் பெல்ட்டை ஓட்டும் சில்லுக்கு அவர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுக்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில்லின் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கினால் பெல்ட் ஒரு நிமிடத்தில் ஓடும் தூரம் வரும். 2850 சுற்று மோட்டாரில் 4 அங்குலச் சில்லு போட்டால் செக்கனுக்கு 15 மீற்றர் அளவில் ஓடும், 5 அங்குலம் போட்டால் 19. முரட்டு வேலைக்கு இந்த வேகம் நல்லது. 1440 மோட்டாரில் 6 அங்குலச் சில்லு போட்டாலும் பதினொன்றரைதான்.

ஆனால் கத்தி முழுக்க அந்த வேகத்தில் முடிவதில்லை. கடினப்படுத்தி, பிறகு 200 பாகை செல்சியஸ் அளவில் பதம் பார்த்த அலகை மறுபடி பெல்ட்டில் பிடிக்கிறீர்கள். விளிம்பு மெல்லியது, சூடு ஓடிப்போக இடமில்லை. முனை முதலில் வைக்கோல் மஞ்சளாகும், அடுத்த கணம் நீலமாகும். நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது. மேலே உள்ள நீலத்தைத் தேய்த்து அழித்தாலும் உள்ளே இரும்பு மென்மையாகத்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில் பெல்ட் செக்கனுக்கு ஐந்து மீற்றருக்குள் ஓடவேண்டும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வேண்டும், கையுறை இல்லாத விரல்களுக்குச் சூடு தெரியவேண்டும். அதனால்தான் மூன்று பேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் (கரண்டின் ஹேர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) என்று விடாமல் சொல்கிறேன். 2850 மோட்டார், 4 அங்குலச் சில்லு, வி.எஃப்.டி.யில் 15 முதல் 60 ஹேர்ட்ஸ் வரை: என் தெரிவு இது. மெதுவான வேலையே அதிகம் என்றால் 1440ஐ எடுங்கள், குறைந்த வேகத்தில் அதற்கு இழுவை கூட. எதுவானாலும் மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டவேண்டாம். தண்டிலேயே பூட்டிய விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடாகும்.

கிராண்ட்பாஸிலிருந்து: வீட்டில் சிங்கிள் பேஸ்தான். மூன்று பேஸ் மோட்டாருக்கு மின்சார சபையிடம் புது இணைப்பு எடுக்கவேணுமா?

தேவையில்லை. 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி, மூன்று பேஸாக 230 வோல்ட்டே வெளியே தரும் வி.எஃப்.டி. வாங்குங்கள். மோட்டார் நேம் பிளேட்டில் டெல்டா 230, ஸ்டார் 400 என்று இருக்கவேண்டும்; டெல்டா, ஸ்டார் என்பவை மோட்டாரின் மூன்று சுருளையும் இணைக்கும் இரண்டு முறைகள். மோட்டாரின் வயர் பெட்டியைத் திறந்தால் மேலே மூன்று, கீழே மூன்றாக ஆறு முனைகள், நடுவே சிறிய பித்தளைத் தகடுகள். தகடுகள் ஒரே வரிசையில் குறுக்காகப் படுத்திருந்தால் ஸ்டார். கழற்றி, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்து நெடுக்காக மூன்று தகடும் போட்டால் டெல்டா. இதை மாற்றாமல் 230இல் ஓட்டினால் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். “2 எச்.பி. மோட்டார், தொட்டாலே நிற்குது” என்று வரும் முறைப்பாடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தத் தகடுகளைத்தான்.

1.5 கிலோவாட் வி.எஃப்.டி. முழுச் சுமையில் 14 அம்பியர் அளவுக்கு இழுக்கும். 13 அம்பியர் பிளக்கில் குத்தவேண்டாம். தனி பிரேக்கரோடு தனி லைன், சரியான எர்த், தகுதியுள்ள எலெக்ட்ரீஷியன். வி.எஃப்.டி.யின் கசிவு மின்னோட்டத்தால் சில வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் விழும். அதற்காக ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் இழுக்க எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிரைக் காப்பது.

தெஹிவளையிலிருந்து: மகன் கத்தி செய்யப் பழகுகிறான். பழைய வாஷிங் மெஷின் மோட்டாரும் தண்ணீர்ப் பம்பும் கிடக்கு. காசு செலவில்லாமல் அதில் செய்யலாமா?

வேண்டாம் அக்கா. பழைய வாஷிங் மெஷின்களில் பல கரி பிரஷ் வைத்த மோட்டார்கள். உடம்பெல்லாம் திறந்த துவாரம், இரும்புத் தூள் நேரே சுருளுக்குள் போய் ஷோர்ட் ஆகும். கட்டுப்பாட்டுப் பலகை இல்லாமல், சுமையும் இல்லாமல் விட்டால் வேகம் அபாயமாக ஏறும். வீட்டுப் பம்பு பெரும்பாலும் அரை, ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ். அதன் தண்டு பம்புக்கென்றே செய்தது, சில்லு பூட்டுவது பாடு. மகனுக்கு ஆர்வம் இருந்தால் முதல் கத்தியை அரத்தால் செய்யட்டும். அரம் கையைப் பழக்கும், காசும் சேரும்.

மருதானையிலிருந்து: சிங்கிள் பேஸ் மோட்டார் ஏற்கெனவே வாங்கிட்டன். ஃபேன் ரெகுலேட்டரால வேகத்தைக் குறைக்கலாமா?

முடியாது, மோட்டார் எரியும். படிப் புல்லி, அதாவது படிபடியாக விட்டம் மாறும் புல்லி, போட்டு இரண்டு மூன்று வேகம் எடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: பழைய சோனகத் தெருவில் புதுசு விலை கேட்டுத் திரும்பிட்டன். பாவித்த மோட்டார் எடுத்தால் என்ன பார்க்கவேணும்?

முழுதும் மூடிய, பின்னால் விசிறி உள்ள உடம்பு. நேம் பிளேட்டில் ஐ.பி. 55 (தூசுக்கும் தண்ணீருக்கும் உள்ள பாதுகாப்பின் தரம்) என்றிருந்தால் நிம்மதி. தண்டைக் கையால் சுற்றுங்கள், கரகரப்பு இருந்தால் பெயரிங் மாற்றும் செலவையும் விலையில் சேருங்கள். வயர் பெட்டியை முகர்ந்து பாருங்கள், கருகிய வாசம் ஒளியாது. தகடுகளைக் கழற்றிவிட்டு மீற்றரால் மூன்று சுருளையும் அளந்தால் மூன்றும் ஒரே அளவு காட்டவேண்டும், உடம்போடு எதுவும் தொடுப்புக் காட்டக்கூடாது. சில்லை முன்கூட்டியே வாங்கவேண்டாம்: 80 பிரேம் (மோட்டார் உடம்பின் அளவு எண்) மோட்டாருக்குத் தண்டு 19 மில்லிமீற்றர், 90 பிரேமுக்கு 24.

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து: வி.எஃப்.டி.யை கிரைண்டர் ஸ்டாண்டிலேயே பூட்டலாமா?

திறந்த வகை என்றால் கூடாது. பொறியோடு பறக்கும் தூள் அதற்குள் போகும், உங்கள் பக்கம் கடல் காற்றின் உப்பும் சேரும். தூசு புகாத வகை வாங்குங்கள், அல்லது தள்ளிச் சுவரில் வடிகட்டி வைத்த பெட்டிக்குள் பூட்டி, வேகம் மாற்றும் குமிழை மட்டும் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கவேண்டாம், நிறுத்துவதும் இயக்குவதும் வி.எஃப்.டி.யின் கட்டளை வயரிலேயே நடக்கட்டும். மூடியைத் திறக்கவேண்டி வந்தால் கரண்டை நிறுத்திப் பத்து நிமிடமாவது பொறுங்கள். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்கள் அதுவரை அடிக்கும்.