அமெரிக்காவில் குடித்திருப்பார் என்ற சந்தேகத்தில் போலீஸ் காரை நிறுத்தலாமா? சந்தேகமே இல்லாமல் சும்மாவும் நிறுத்தலாமா?

சந்தேகத்தில் நிறுத்தலாம். சும்மா நிறுத்தக் கூடாது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நம்பர் பிளேட் பல்பு அளவுக்குத்தான் இடைவெளி என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்தது.

நான் வக்கீல் இல்லை. டெக்சாஸில் பதினொரு வருடமாக மென்பொருளில் குப்பை கொட்டுகிறவன். ஒரு பொங்கல் விழா முடிந்து, ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, வேட்டி சட்டையோடு காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் நண்பர். விழாவுக்குப் பிறகு ஒருவர் வீட்டு கராஜில் நடந்த 'தனி விழா'விலும் கலந்துகொண்டவர். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அதனாலேயே எல்லா விருந்திலும் டிரைவர் உத்தியோகம் என் தலையில்தான். பின்னால் சிவப்பும் நீலமும் சுழன்றது. ஓரம் கட்டினேன்.

பின் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்றார் அதிகாரி. 50 அடியிலிருந்து எண் தெரியும்படி அது எரிய வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். சொல்லி முடித்த மூச்சிலேயே, "இன்றிரவு ஏதாவது குடித்தீர்களா?"

பல்புக்கும் குடிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று உள்ளுக்குள் எரிந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான், சம்பந்தமே தேவையில்லை என்று தெரிந்தது. 1996-இல் வ்ரென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: போக்குவரத்து விதிமீறல் உண்மையிலேயே நடந்திருந்தால் போதும், அதிகாரி மனதுக்குள் வேறு என்ன நினைத்து நிறுத்தினார் என்பதைக் கோர்ட் கிளறாது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தீர்ப்புகளையும் விட சாலையில் அன்றாடம் வேலை செய்வது இதுதான். பார் மூடும் நேரத்தில் எதிரே காத்திருக்கும் போலீஸ்காரருக்கு 'குடித்திருப்பார்' என்ற சந்தேகத்தை நிரூபிக்கிற தலைவலியே இல்லை. அணைந்த பல்போ, இண்டிகேட்டர் போடாத திருப்பமோ கண்ணில் பட்டால் போதும்.

அதுகூட இல்லாவிட்டால்? லைசென்ஸ் பார்க்கலாமே என்று கண்ணில் பட்ட வண்டியை மடக்கக் கூடாது என்று 1979-லேயே டெலவேர் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. குறைந்தபட்சம் 'நியாயமான சந்தேகம்' வேண்டும். மனசுக்குப் பட்டது, முகம் சரியில்லை என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. கண்ணால் கண்டதை எடுத்துச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் 2005-இல் ஒரு வழக்கு இதனாலேயே கவிழ்ந்தது. முன் வண்டியை ஒட்டிப் போனார் என்று மட்டும் சாட்சி சொன்னார் அதிகாரி. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எதுவும் சொல்லவில்லை. போதாது என்றது மாநிலத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2022-இல் அதே நீதிமன்றம், ஒரு யூ-ஹால் (வீட்டுச் சாமான் ஏற்ற வாடகைக்குக் கிடைப்பது) வண்டியின் பின்சக்கரம் கோட்டில் ஏறியதை மட்டும் வைத்து நிறுத்தியது தவறு என்றது. யாருக்கும் ஆபத்தில்லாமல் கோட்டைத் தொடுவது குற்றமில்லையாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஒரு பிக்கப் டிரக் தன்னைச் சாலையை விட்டே தள்ளிவிட்டதாக ஒருவர் அவசர உதவி எண் 911-க்கு ஃபோன் செய்தார். போலீஸ் அந்த டிரக்கை ஐந்து நிமிடம் போலப் பின்தொடர்ந்தது. ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டினார்கள். ஆனாலும் போலீஸ் நிறுத்தியது, உள்ளே 30 பவுண்டு கஞ்சா கிடைத்தது. குடித்து ஓட்டுகிறார் என்று சந்தேகிக்க அந்த ஃபோனே போதும் என்று, 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் போலீஸ் பக்கம் நின்றது. அங்கே குடிபோதை என்பது வெறும் ஊகம்தான். எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்காலியா பக்கம்தான் என் ஓட்டு. ஒரு தடவை வண்டி விலகியதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாமே.

நம்மூரில் பாரிகேடைப் போட்டு வரிசையாக 'ஊது' என்பார்களே, அது இங்கே உண்டா? மாநிலத்தைப் பொறுத்தது. (நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவும் சந்தேகிக்கக் காரணம் இருந்தால்தான் ஊதச் சொல்லலாம் என்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்!) மிச்சிகனில் அப்படி ஒரு சோதனையில் 126 வண்டிகளை நிறுத்தி இரண்டு பேரைப் பிடித்தார்கள், ஒவ்வொரு வண்டியும் நின்றது சராசரியாக 25 நொடி. 1990-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைச் சரி என்றது. வேடிக்கை என்னவென்றால், மூன்று வருடம் கழித்து மிச்சிகன் நீதிமன்றமே எங்கள் மாநில அரசியல் சட்டப்படி இது செல்லாது என்று தூக்கிப் போட்டுவிட்டது. டெக்சாஸிலும் இந்தச் சோதனைச் சாவடிகள் கிடையாது.

நிறுத்த ஒரு காரணம் போதும். நிறுத்தி வைத்திருக்க இன்னொரு காரணம் வேண்டும். உங்கள் கேள்விக்கு முக்கியமான பதில் இதுதான். எச்சரிக்கைச் சீட்டு எழுதுகிற வேலை முடிந்த பிறகு ஏழெட்டு நிமிடம் இழுத்தடித்ததே தவறு என்று 2015-இல் தீர்ப்பு இருக்கிறது. என் விஷயத்தில் அந்த இன்னொரு காரணத்தை என் நண்பர் வாய் திறந்து வழங்கினார். "ஹலோ ஆபீசர்" என்றார். கார் முழுக்க கராஜ் வாசம்.

அதிகாரி என்னை இறங்கச் சொன்னார். பேனாவைக் கண்முன் இடமும் வலமும் நகர்த்தினார், தலையை அசைக்காமல் பார்க்க வேண்டும். அடுத்தது குதிகாலும் விரலும் முட்டும்படி ஒன்பது காலடி நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது. ஜனவரிக் குளிர் காற்றில், வேட்டியில்! மடித்துக் கட்டட்டுமா என்று கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. ஆறாவது காலடியில் கரை காலில் சிக்கியது. அவர் குறித்துக்கொள்வதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. நானே ஊதுகிறேன் என்று கேட்டு வாங்கி ஊதினேன். பூஜ்யம். பல்புக்கு ஓர் எச்சரிக்கைச் சீட்டோடு விட்டார்.

அந்த நடை சோதனையை மறுத்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கென்று லைசென்ஸ் போகாது. கைதான பிறகு மூச்சு, ரத்தச் சோதனையை மறுப்பது வேறு கதை: முதல் தடவைக்கு 180 நாள் லைசென்ஸ் முடக்கம், மேற்கொண்டு வாரண்ட் வாங்கி ரத்தம் எடுப்பார்கள்.

உங்கள் ஆள் யாரும் டெக்சாஸில் பிடிபட்டிருந்தால், லைசென்ஸ் முடக்கத்தை எதிர்த்து விசாரணை கேட்க நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள்தான். நிறுத்தியபோது போலீஸ் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிறுத்தியதே செல்லாது என்று வக்கீல் வாதிடுவதும் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான். ஆகவே முதலில் அதைக் கேளுங்கள்.