மகனைக் கழகத்தில் சேருங்கோ, ஆனால் ஷாக்கா ஆக்குவதற்காக வேண்டாம்

தங்கச்சி, பத்து வயது மகனை உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூட ரீச்சர் "நல்லா விளையாடுறான், விடுங்கோ" என்கிறா. வீட்டுக்காரர் "டொச்சே (ஜெர்மன் மொழி) இன்னும் வரேல்லை, அதுக்குள்ள பந்தா" என்கிறார். அதோடை, சுவிஸ் அணியின் கப்டன் கிரானிட் ஷாக்காவும் அகதிக் குடும்பத்துப் பிள்ளைதானே, எங்கட பிள்ளைக்கும் அந்த வழி இருக்காதா என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: சேருங்கோ. இரண்டாவதுக்குக் கொஞ்சம் நீட்டிக் கதைக்க வேணும். நான் இருக்கிறதும் அவர் பிறந்து வளர்ந்த பாசல் நகரில்தான். இங்கே அவரைத் திட்டாத ஆளும் இல்லை, புகழாத ஆளும் இல்லை.

தகப்பனின் கதையிலிருந்து தொடங்கினால்தான் மகன் விளங்குவார். அந்த மனிசன் கொசோவோ அல்பேனியர். 1986இல் பிரிஸ்டினாவில் மாணவனாக இருந்தபோது யூகோஸ்லாவிய அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பிடித்து உள்ளே போட்டார்கள். மூன்றரை வருடம் சிறை. வெளியே வந்ததும் 1990இல் மனைவியோடு சுவிசுக்கு வந்தார். 1991இல் மூத்தவர் தவுலாந்த், 1992இல் கிரானிட், இரண்டு பேரும் பாசலில் பிறந்தவர்கள். இங்கே பிறந்தால் தானாகக் குடியுரிமை வந்துவிடாது என்பதையும் தெரிந்து வைத்திருங்கோ.

அண்ணனும் தம்பியும் தொடங்கினது எப்சி பாசலில் இல்லை. கொன்கோர்டியா என்ற, ஊர்ச்சனம் "கொங்கேலி" என்று செல்லமாகக் கூப்பிடுகிற சின்னக் கழகத்தில். 2002இல்தான் பெரிய கழகத்தின் இளையோர் அணிக்கு மாறினார்கள். 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைச் சுவிஸ் வென்றது. இறுதிப் போட்டியில் சொந்த மண்ணில் விளையாடின நைஜீரியாவையே 1-0 என்று மடக்கின அணியில் கிரானிட்டும் இருந்தார். அடுத்த வருடம் எப்சி பாசலின் முதல் அணி. 2011 டிசம்பரில் யோகெலி மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வென்று சம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியே அனுப்பின அன்று, ஊர் முழுக்க ஹோர்ன் சத்தம். அப்போது அவருக்கு 19 வயது.

பிறகு 2012இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாஹ், 2016இல் ஆர்சனல். அங்கேதான் வாங்கிக் கட்டினார். 2019இல் கப்டனாக்கினார்கள். அதே ஒக்டோபரில் கிறிஸ்டல் பலஸோடை நடந்த போட்டியில் அவரை மாற்றி வெளியே எடுக்க, சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். அவர் காதில் கையை வைத்து "இன்னும் சத்தமாக" என்று சைகை காட்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். சில நாட்களில் கப்டன் பதவி பறிபோனது. எல்லாரும் மனிசன் முடிந்தான் என்றார்கள். ஆனால் புதுப் பயிற்சியாளர் அர்ட்டேட்டா மறித்து வைத்தார்; இன்னும் மூன்று பருவம் அங்கேயே நின்று விளையாடினார்.

2023இல் லெவர்குசன். என்ர கண்ணுக்கு அவரின் முழு உருவமும் தெரிந்தது அங்கேதான். நடுக்களத்தில் பின்னுக்கு இறங்கி, தடுப்பாட்டக்காரரிடமிருந்து பந்தை வாங்கி, இடது காலால் ஒரு தட்டு. திரும்ப வாங்கி மற்றப் பக்கம் ஒரு தட்டு. பார்க்கிறவைக்கு அலுப்பாகக்கூட இருக்கும். ஆனால் அவர் பந்தைக் கொடுக்கிற வேகத்தில்தான் முழு அணியும் ஓடினது. அந்தப் பருவத்தில் லெவர்குசன் ஜெர்மன் லீக்கை ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றது: 28 வெற்றி, 6 சமநிலை. கழகத்தின் வரலாற்றிலேயே அது முதல் லீக் பட்டம். மே மாதம் பெர்லினில் ஜெர்மன் கிண்ண இறுதிப் போட்டியிலும் கைசர்ஸ்லவுட்டனுக்கு எதிராக ஒரே ஒரு கோல்தான். தூரத்திலிருந்து இடது காலால் அதை அடித்தவர் ஷாக்கா. 2025இல் திரும்ப இங்கிலாந்துக்கு, சண்டர்லண்டுக்குப் போனார், போனவுடனேயே கப்டன். சுவிஸ் அணிக்கு ஹைன்ஸ் ஹெர்மான் ஆடின 118 போட்டிகள் என்ற பழைய சாதனையை 2023இல் தாண்டி, இப்போது 130க்கு மேலே நிற்கிறார்.

சரி, இதில் உங்களுக்கு என்ன இருக்கு?

அவர் காசும் பேரும் சம்பாதித்ததை விடுங்கோ. அப்படி மேலே வருகிறது ஆயிரத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. ஆனால் பிறத்தியாரின் பிள்ளை இந்த நாட்டுக்கு விளையாடினால் என்ன கேட்பார்கள் என்பதை அவர் வாழ்க்கையில் வடிவாகப் பார்க்கலாம். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் பிரான்சின் லான்ஸ் நகரில் சுவிசும் அல்பேனியாவும் மோதின. தம்பி சுவிஸ் சட்டையில், அண்ணன் தவுலாந்த் அல்பேனியச் சட்டையில். தாய் பாதி சுவிஸ், பாதி அல்பேனியா என்று தைத்த மேற்சட்டையோடு பார்வையாளர் பக்கம் இருந்தா. ஒரே வீட்டில், ஒரே கழகத்தில் வளர்ந்த இரண்டு பேர். இரண்டு பேரும் தாங்கள் எடுத்த முடிவில் நின்றார்கள். எனக்கு அதில் பிழையாக ஒன்றும் தெரியேல்லை.

2018 உலகக் கிண்ணத்தில் சேர்பியாவுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு ஷாக்காவும், அவரைப்போலவே கொசோவோ அல்பேனியரான ஷாகிரியும் கைகளைக் கோர்த்து அல்பேனியக் கொடியில் உள்ள இரட்டைத் தலைக் கழுகு காட்டினார்கள். ஆளுக்கு 10,000 பிராங் தண்டம். அதோடை முடியேல்லை. இரட்டைக் குடியுரிமைக்காரரைத் தேசிய அணிக்கு வளர்க்கத்தான் வேணுமா என்று உதைபந்தாட்டச் சங்கத்தின் பொதுச்செயலாளரே கேட்டார். நாடு முழுக்க வாதம். மூன்று வருடம் கழித்து அதே ஷாக்காவின் தலைமையில் ஐரோப்பியக் கிண்ணத்தில் உலகச் சம்பியன் பிரான்சைப் பெனால்டியில் வெளியே அனுப்பின இரவு, அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கேல்லை. வென்றால் எங்கட பிள்ளை, தோற்றால் அவர்களின் பிள்ளை. இது வேலைத்தளத்திலும் இருக்கு, உங்கட மகனும் ஒருநாள் காண்பான். பதினொரு பேரோடு சேர்ந்து நிற்கிறபோது காண்பது, தனியே நின்று காண்பதைவிட நல்லது என்பதுதான் என்ர எண்ணம்.

உங்கட மகன் இங்கே பிறக்காதவன் என்பதால் ஷாக்காவைவிட ப்ரேல் எம்போலோதான் அவனுக்குக் கிட்ட. கமரூனில் பிறந்து, சின்ன வயதில் தாயோடு பாசலுக்கு வந்த பெடியன். 2014இல்தான் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. அடுத்த வருடமே தேசிய அணி. இப்போதைய சட்டப்படி விண்ணப்பிக்கப் பத்து வருட வதிவும் சி அனுமதியும் (நிரந்தர வதிவு அனுமதி) வேணும். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள வருடங்கள் இரட்டிப்பாகக் கணக்கெடுக்கப்படும், ஆனால் குறைந்தது ஆறு வருடமாவது இங்கே இருந்திருக்க வேணும். அவன் வயதுக்கு அது நல்ல கணக்கு.

இன்னொன்று. கொசோவோக்காரரும் எங்கட சனமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இங்கே வந்தவர்கள். அவை கட்டிட வேலைக்குப் போச்சினம், நாங்கள் ரெஸ்ரோரண்ட் குசினிக்கு. பின்னேரத்தில் அவை பிள்ளைகளை மைதானத்தில் விட்டினம். நாங்கள் ரியூசன், தமிழ்ப் பள்ளி, மிருதங்கம் என்று கூட்டிக்கொண்டு ஓடினோம். அவர்களின் பிள்ளைகள் தேசிய அணியில் நிற்பதற்கு அது ஒரு முக்கிய காரணம் என்பது என் கணிப்பு. இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றும் இல்லை. உங்கட வீட்டிலும் சண்டை வரப்போறது சனிக்கிழமையில்தான்: தமிழ்ப் பள்ளியும் அன்றைக்கு, இளையோர் போட்டியும் அன்றைக்கு. பல இடங்களில் புதன் பின்னேரமும் தமிழ் வகுப்பு வைக்கிறார்கள், அதைக் கேட்டுப் பாருங்கோ. பயிற்சியாளருக்கும் முதலே சொல்லுங்கோ, கடைசி நேரத்தில் பிள்ளை வராவிட்டால்தான் அவர்களுக்குக் கோவம் வரும்.

வீட்டுக்காரரின் டொச்சுக் கவலைக்கு: வகுப்பில் எழுத்து டொச்சுப் படிப்பான், இங்கே சனம் பேசுகிற சுவிஸ் டொச்சு உடுப்பு மாற்றுகிற அறையில்தான் வரும். அது இல்லாமல் பிறகு லேர (தொழிற்பயிற்சி) இடம் தேடிப் போகிறபோது கஷ்டம்.

சேர்க்கப் போகும்போது அனுமதி அட்டை, கடவுச்சீட்டு, ஒரு படம் கொண்டு போங்கோ. வெளிநாட்டிலிருந்து வந்த, பத்து வயதோ அதற்கு மேலோ உள்ள பிள்ளை என்றால் முந்தி எங்கேயாவது பதிந்து விளையாடினவனா என்று கேட்பார்கள், பெற்றார் ஏன் இங்கே வந்தார்கள் என்றும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், சின்னப் பிள்ளைகளைக் காசுக்காக நாடு விட்டு நாடு இழுப்பதைத் தடுக்கிற பீஃபா விதி அது. வருடக் கட்டணம் சில நூறு பிராங் வரும். வருமானம் குறைவென்றால் காரித்தாஸ் என்ற உதவி அமைப்பின் குல்தூர்லேகி என்கிற கழிவு அட்டை எடுங்கோ, இல்லாவிட்டால் கழகக் காசாளரிடம் தவணை கேளுங்கோ. சப்பாத்துப் புதிதாக வாங்காதேயுங்கோ, ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். புரொக்கன்ஸ்டூபவில் (பழைய சாமான் கடையில்) நல்லது கிடைக்கும். முதல் நாள் நீங்கள் கதைக்க வேண்டாம், மகனையே கதைக்க விடுங்கோ.