ராமேஸ்வரம் முடித்து திருச்செந்தூர்: மதுரைக்குத் திரும்ப வேண்டுமா?

கேள்வி: மதுரை வில்லாபுரத்திலிருந்து வயதான அப்பா அம்மாவுடன் காரில் ராமேஸ்வரம் போகிறோம். மறுநாள் திருச்செந்தூர். மதுரைக்கு வந்து போவதா, கடற்கரைச் சாலையிலேயே போகலாமா?

பதில்: கடற்கரைச் சாலையிலேயே போங்கள். மதுரை சுற்றினால் ஏறக்குறைய 360 கி.மீ. ராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி வழியாக 215 கி.மீ.தான். ஆனால் காலையில் கிளம்ப வேண்டும். ராமநாதபுரத்துக்குப் பிறகு இந்தச் சாலை தென்மேற்காக ஓடுகிறது. பிற்பகலில் வந்தால் சாயல்குடி தாண்டியதும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரே வரும் பைக் தெரியாது. காலையில் சூரியன் முதுகுப் பக்கம்.

போகும்போது மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழி. அங்கிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கி.மீ. நீளத்தை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. மாற்றுப்பாதைப் பலகை இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். திருப்பாச்சேத்தி, போகலூர் சுங்கச்சாவடிகளுக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்கட்டும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க வண்டியை நிறுத்தாதீர்கள். காற்று வேகமான நாளில் கதவைத் திறந்தாலே பிடுங்கிக்கொண்டு போகும், பெரியவர்கள் நிற்கவும் முடியாது.

தனுஷ்கோடிக்குப் போனால் மாலைக்குள் திரும்பிவிடுங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலைதான், ஆனாலும் காற்று மணலை வாரி ஓரத்தில் குவித்திருக்கும். சக்கரம் இறங்கிச் சுற்றினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கப் புதையும். டயருக்கு முன்னுள்ள மணலைத் தள்ளி, கால்மிதியைச் செருகி, காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, இரண்டாவது கியரில் மெல்ல ஏற்றுங்கள். வெளியே வந்ததும் மெதுவாக ஓட்டிப்போய் முதல் பங்க்கில் காற்றை நிரப்பிவிடுங்கள்.

மறுநாள் வழி தவறும் இடம் ராமநாதபுரம். கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயர் வடக்கே தேவிபட்டினம், தொண்டி போகும் சாலைக்கும் உண்டு. பெயரை நம்பாமல் திருப்புல்லாணி, கீழக்கரை என்று கேட்டு இடப்பக்கம் திரும்புங்கள். பெட்ரோலை ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு ஏர்வாடி, சிக்கல், சாயல்குடி, வேம்பார், குளத்தூர். பெரியவர்கள் இறங்கிக் காலாற நடக்கச் சாயல்குடி வசதியான ஊர்.

வழியெல்லாம் கடல் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் பனையும் சீமைக்கருவேலமும்தான். அந்தக் கருவேலம் வளைவுகளில் சாலை விளிம்பு வரை வளர்ந்திருக்கும், ஆட்டுமந்தை அதன் பின்னாலிருந்து திடீரென இறங்கும். வளைவில் 40-க்கு மேல் வேண்டாம். மந்தையில் முதல் ஆடு தாண்டிவிட்டால் மற்றவையும் பின்னாலேயே ஓடிவரும், ஆகவே கடைசி ஆடு வரை நில்லுங்கள். வேம்பார் தாண்டினால் உப்பு லாரிகள். உப்பளத்திலிருந்து ஏறும் இடங்களில் சேறு ஒட்டிய டயர்கள் சாலையை வழவழப்பாக்கியிருக்கும். அங்கே சட்டென பிரேக் போடாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர் 40 கி.மீ. ஊர் திரும்ப தூத்துக்குடி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை நான்குவழிச் சாலை.

வீடு வந்த மறுநாளே வண்டியின் அடிப்பகுதியை, சக்கர வளைவின் உள்பக்கம் வரை, நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ஒட்டிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே பளபளவென்று இருக்க, அடியில் துரு ஏறும்.