பிராசஸர் ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை!

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே பிராசஸர் ஃபேன் கொர்ரென்று இரைகிறது. சத்தம் குறைவான கூலரை நானே மாட்டலாமா?

பதில்: தாராளமாக மாட்டலாம். ஆனால் காசு செலவழிக்கும் முன் ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் அடைந்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்துவிட்டு, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் பகுதி) ஃபேன் வேகத்தையும் பாருங்கள், பல நேரம் இரைச்சல் அதிலேயே அடங்கிவிடும். கரகரவென்று உரசுகிறதா? அப்படியென்றால் பேரிங் போயிருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

120 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலராக (கோபுரம் போல உயரமாக நிற்கும் வகை) வாங்குங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும். பெரும்பாலும் 15, 16 செ.மீ. உயரம் இருக்கும் என்பதால் கேபினட் மூடுமா என்று அளந்துகொள்ளுங்கள், சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) ஏஎம்டியின் ஏஎம்4-ஆ, இன்டெலின் எல்ஜிஏ1700-ஆ, வேறு வகையா என்பதையும் பார்த்து, அதற்குப் பொருந்தும் கூலராக எடுங்கள்.

ஏஎம்4 என்றால் ஜாக்கிரதை: பழைய கூலரை வெடுக்கென்று இழுத்தால் நடுவே பூசியிருக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருப்பதால் அதில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பிராசஸரின் அடியில் உள்ள ஊசி போன்ற பின்கள் வளைந்தால் பெரிய தொல்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றிவிட்டு, இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும், அள்ளி அப்ப வேண்டாம். அப்புறம், ஒயரை மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று போட்டிருக்கும் இடத்திலேயே செருகுங்கள்.