கொல்லைக் கதவைப் பார்த்தீர்களா?

கேள்வி: மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் சென்னையில் இருக்கப் போகிறோம். எங்களுடையது பழைய நாட்டு ஓட்டு வீடு, பின்னால் வாய்க்கால் வரைக்கும் கொல்லை. வாசலுக்கு இரும்பு கேட் போட்டு, பெரிய பூட்டும் வாங்கிவிட்டோம். போதுமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: போதாதும்மா. நம் பக்கத்து வீடுகள் தெருவில் குறுகி, பின்னால் நீளமாகப் போகிறவை. திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை எல்லாம் தாண்டிக் கொல்லையில் ஒருவன் நின்றால் தெருவுக்குத் தெரியவே தெரியாது. வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் ஜூன் 12-ல் திறக்கும்வரை வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும், அதில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.

அதனால் முதலில் கொல்லைக் கதவின் நாதாங்கியைப் பாருங்கள். நல்ல திண்டுக்கல் பூட்டே போட்டிருந்தாலும், நாதாங்கியைக் குட்டி ஸ்க்ரூவில் முடுக்கியிருந்தால், கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்பினால் பூட்டு உடையாமலே மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும். ஆசாரியைக் கூப்பிட்டு, கதவை முழுக்கத் துளைத்து உள்பக்கம் நட் வைத்து முறுக்குகிற போல்ட்டாகப் போடச் சொல்லுங்கள். நிலையின் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி அடித்து, குறுக்கே ஒரு தேக்குக் கட்டையையும் செருகிவிட்டு வாசல் வழியாகக் கிளம்புங்கள்.

சரி, அந்தக் கடப்பாரை எங்கே கிடைக்கும்? உங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே இருக்கும்! கடப்பாரை, மண்வெட்டி, தேங்காய் பறிக்கிற ஏணி எல்லாவற்றையும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டுங்கள், ஏணி கிடைத்தால் ஓட்டைப் பிரிப்பது பெரிய வேலையே இல்லை. முற்றத்துக்கு மேலே உள்ள கம்பி அழி துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீடு முழுக்க ஓட்டுக்கு அடியில் கம்பி வலை அடிக்கச் செலவாகும், பீரோ இருக்கிற அறைக்கு மட்டுமாவது அடித்துவிடுங்கள்.

அப்புறம், வாசல். கோலம் இல்லாத வீடு ஆளில்லாத வீடு என்று தெருக்கோடியிலிருந்தே தெரிந்துவிடும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் கொடுத்து, தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடவும், விழுகிற தென்னமட்டையை எடுத்துப் போடவும் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காவல் கிடையாது. பேப்பரையும் பாலையும் நிறுத்திவிடுங்கள். போகிற தேதி, வருகிற தேதி, உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள், தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: கேமரா வைத்துவிட்டால் கவலை இல்லைதானே?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வையுங்கள், ஆனால் பதிவாகிற பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கேமராவில் பட்டவன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பரண் மேல் மறைவாக வைத்து, இன்வெர்ட்டரிலும் இணையுங்கள். உங்கள் போனுக்கும் படம் வருகிற மாதிரி வாங்கினால் இன்னும் நல்லது. கொல்லைப் பக்கம் ஒன்று கட்டாயம்.

கேள்வி: நகையை வங்கி லாக்கரில் வைத்துவிட்டால் முழுப் பாதுகாப்புதானே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வீட்டு பீரோவைவிட நிச்சயம் பாதுகாப்பு. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான், 2,000 ரூபாய் வாடகை என்றால் அதிகபட்சம் 2 லட்சம். லாக்கரோ பீரோவோ, ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். புது நகையில் எச்.யு.ஐ.டி. என்கிற ஹால்மார்க் அடையாளக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 6 இடத்தில் பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி காலத்து அட்டிகையில் அது இருக்காது, அதனால் அதை முன்னும் பின்னுமாக, திருகாணி வரைக்கும் தெளிவாகப் படம் எடுங்கள். திருட்டே போய்விட்டால் எதையும் தொடாமல் வெளியே வந்து 112-க்குப் பேசுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.