ஓடையோரத்து வீடும் வெள்ளக் காப்பீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில், ஒரு கிராமப்புறக் கவுண்டி மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். நிலத்தோடு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வாசலுக்கு முன்னால் சின்ன ஓடை. அதன் மேல் இருக்கும் மரப்பாலத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். “இது எக்ஸ் மண்டலம், வெள்ளக் காப்பீடு தேவையில்லை” என்கிறார் தரகர். வங்கியும் கேட்கவில்லை. வழக்கமான வீட்டுக் காப்பீடு எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு தீ, காற்று, திருட்டு முதலியவற்றுக்கு ஈடு தரும். வெளியிலிருந்து ஏறி வரும் வெள்ளத்துக்குத் தராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பெரும்பாலோர் எடுப்பது 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசி. அதை நடத்துவது ஃபெமா எனப்படும் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு.

வங்கி கேட்கவில்லை என்பதை ‘ஆபத்து இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபெமாவின் வெள்ள வரைபடம் ஏ, ஏஇ போன்ற எழுத்துகளால் குறிக்கும் அபாய மண்டலங்களில் வீட்டுக்கடன் கொடுத்தால் வெள்ளக் காப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வங்கியைக் கட்டாயப்படுத்துகிறது. எக்ஸ் போன்ற மற்ற மண்டலங்களில் கட்டாயம் இல்லை. அதனால் கேட்பதில்லை, அவ்வளவுதான். அபாய மண்டலம் என்பது எந்த ஆண்டிலும் வெள்ளம் வர குறைந்தது 1 சதவீத வாய்ப்புள்ள இடம். கேட்கச் சிறிதாக இருக்கும். 30 ஆண்டுக் கடன் காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று.

அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர்களும் தப்பிவிடுவதில்லை. 2014 முதல் 2018 வரை இத்திட்டத்தில் வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 40 சதவீதத்துக்கும் மேல் அபாய மண்டலத்துக்கு வெளியே இருந்த வீடுகளிலிருந்து வந்தவை. உங்களைப் போல மலையோரம் வாங்குபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீர்ப்பிடிப்புப் பரப்பு ஒரு சதுர மைலுக்கும் குறைவாக உள்ள ஓடைகளை ஃபெமா வரைபடங்கள் பெரும்பாலும் ஆய்வு செய்திருப்பதில்லை. மேகம் உடைந்ததுபோல் கொட்டிச் சரிவில் இறங்கும் மழைநீரையும் அவை காட்டுவதில்லை. உங்கள் ஓடை வரைபடத்தில் வெறும் நீலக்கோடாக இருந்தால், அதை யாரும் அளக்கவே இல்லை என்றும் பொருள் இருக்கலாம்.

2024 செப்டம்பர் இறுதியில் வந்த ஹெலீன் புயலை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. யான்சி கவுண்டியின் பியூசிக்கில் 30 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்தது. ஆஷ்வில்லில் பிரெஞ்ச் பிராட் ஆறு 1916-இன் உச்சத்தையும் தாண்டியது. ஆஷ்வில்லை உள்ளடக்கிய பன்கம் கவுண்டியில் அப்போது நூற்றுக்கு ஒரு வீட்டில்கூட இந்தக் காப்பீடு இல்லை. இல்லாதவர்கள் ஃபெமாவின் நேரடி உதவியை நம்பினார்கள். வீட்டுச் சீரமைப்புக்கு அதன் உச்சவரம்பே அப்போது 42,500 டாலர்தான். பலருக்குக் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் மாநிலத்தில் வீட்டை ஆராய்வதற்கான அவகாசத்துக்கென்று விற்பவருக்கு ஒரு தொகை தருவது வழக்கம். பின்வாங்கினால் அது திரும்பாது. ஆகவே அதைக் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். விற்பவர் தரும் விவரப் படிவத்தில் வெள்ளம் பற்றிய கேள்விகள் 2024 ஜூலையிலிருந்து இருக்கின்றன. ஆனால் ‘ஆம்’, ‘இல்லை’ தவிர, ‘எதுவும் கூறவில்லை’ என்று குறிக்கவும் இடமுண்டு. அந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தால் விடாதீர்கள். அந்த வீட்டின் பழைய வெள்ள இழப்பீட்டு வரலாற்றை இப்போதைய உரிமையாளர் ஃபெமாவிடம் கேட்டுப் பெறலாம். வாங்க வருபவர் பெற முடியாது. “வாங்கித் தாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம்” என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டின் அடியில் குனிந்து நுழையும் வெற்றிடத்துக்குள் டார்ச் விளக்கோடு நீங்களே போய்ப் பாருங்கள். தூண்களில் வண்டல் படிந்த கோடு, சுடுநீர்க் கலத்தின் அடிப்பாகத்தில் மட்டும் துரு, பாலத்தில் நான்கைந்து பலகை மட்டும் புதிது: இவை படிவத்தைவிட உண்மை பேசும். 2004-இல் பிரான்சிஸ், ஐவன் புயல்களின்போதும் 2024-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

பிரீமியத்துக்கு வருவோம். 2021 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் மண்டல எழுத்தை வைத்துக் கட்டணம் போடுவதில்லை. நீர்நிலை எவ்வளவு தூரம், தரைத்தளம் எவ்வளவு உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறார்கள். எனவே முகவரியைக் கொடுத்து ஏஜென்டிடம் விலை கேளுங்கள். விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். அவருக்கு இருந்த சலுகைக் கட்டணமும் கூடவே வரும். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அது பொதுவாக ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இதைச் சொல்லித்தரும் தரகர்கள் குறைவு.

கேள்வி: எங்களிடம் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசி இருக்கிறது. கிணறு, செப்டிக் டேங்க், பாலம் எல்லாம் அதில் அடங்கும்தானே?

பதில்: மூன்றும் அடங்காது. கிராமத்து வீடுகளை அதிகம் வருத்துவது இதுதான். கட்டடத்துக்கு 2.5 லட்சம் டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1 லட்சம் டாலர் என்பவை உச்சவரம்புகள். இவை இரண்டும் தனித்தனி. பொருள்களுக்கு எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியை இன்றே திறந்து பாருங்கள். பொருள்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். ஆழ்துளைக் கிணறு, செப்டிக் டேங்க், வேலி, தடுப்புச் சுவர், தனியார் பாலம், வெளியே போகும் வண்டிப்பாதை எதற்கும் ஈடு இல்லை. பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் உலைக்கலமும் சுடுநீர்க் கலமும் சேரும். சோபாவும் தரைவிரிப்பும் சேரா. வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் வாடகையும் கிடையாது.

மலைப்பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆறுபோல் ஓடிவரும் சேற்றுவெள்ளத்துக்கு ஈடு உண்டு. மலைச்சரிவே பெயர்ந்து விழும் நிலச்சரிவுக்கு இந்தப் பாலிசியிலும் இல்லை, வழக்கமான வீட்டுக் காப்பீட்டிலும் இல்லை. செங்குத்தான சரிவின் கீழே வீடு இருந்தால், நிலச்சரிவையும் சேர்க்கும் தனியார் பாலிசி கிடைக்குமா என்று விசாரியுங்கள். பாலத்துக்கும் கிணற்றுக்கும் கையிருப்பாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வீட்டுக்குள் இரண்டடி தண்ணீர் புகுந்து வடிந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் இன்னும் வரவில்லை. நனைந்த கம்பளத்தை வெளியே போடலாமா?

பதில்: போடலாம், போடத்தான் வேண்டும்; பூஞ்சை பிடிக்க விட்டால் அந்தச் சேதத்தை உங்கள் கவனக்குறைவு என்பார்கள். ஆனால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு அறையையும், சுவரில் நீர் நின்ற கோட்டையும் படமெடுங்கள். கோட்டின் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இவற்றின் பெயரும் வரிசை எண்ணும் தெரிய வேண்டும். கம்பளத்திலும் திரைச்சீலையிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் இல்லையென்றால் முன்பணம் கேளுங்கள்: மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்பே 5,000 டாலர் வரை தர விதி இருக்கிறது. கையெழுத்திட்ட இழப்புச் சான்றுப் படிவத்தைச் சேதம் நேர்ந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். மதிப்பீட்டாளர் எழுதிய தொகை குறைவாகத் தெரிந்தால் அதற்காகக் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். உங்கள் கணக்கை எழுதி, ஒப்பந்ததாரரின் மதிப்பீட்டை இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: புயல் வருவதாகச் செய்தி வந்ததும் பாலிசி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. இத்திட்டத்தில் பணம் கட்டிய பின் பாலிசி நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். வீட்டுக்கடன் வாங்கும்போதே அதோடு சேர்த்து எடுப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நாடாளுமன்றம் அவ்வப்போது புதுப்பித்தால்தான் திட்டமே ஓடும். 2025-இல் அக்டோபர் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை அது காலாவதியாகிக் கிடந்தபோது புதிய பாலிசி விற்பனையும் நின்றிருந்தது. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. ஏப்ரல் இறுதிக்குள் எடுத்துவிடுங்கள்.